மாப்பிள்ளை போட்ட பஜ்ஜி

கல்யாண வெப்சைட்டில் என் தம்பி சித்தார்த்தன் தன்னைப் பற்றி எழுதியிருந்ததில் பொய் என்று பார்த்தால் ஒன்றுதான். உயரம் சரி. படிப்பு சரி. வேளச்சேரி கம்ப்யூட்டர் கம்பெனி வேலையும் சரி. கடைசியில் 'பொழுதுபோக்கு: சமையல்' என்று போட்டிருந்தான் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த முப்பத்து மூன்று வயசுக் கழுதை வாழ்நாளில் சமைத்தது ஒரே ஒரு தடவை. கொரோனா சமயத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது நூடுல்ஸ் போட்டான். மசாலாப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே கொதிக்கிற தண்ணீரில் போட்டான். பிளாஸ்டிக் வாசனையோடு இருந்ததைப் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டுத் தின்றான். அவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நம்பித்தான் இந்தப் பொழுதுபோக்கு.

எங்கள் வீடு மந்தைவெளியில். அப்பா நாகராஜ், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சென்னையில் எந்த பஸ் எந்த ஸ்டாப்பில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன் வீட்டில் காப்பித் தூள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் என்னைக் கூப்பிடுவார். அம்மா இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அடுப்பு என் தலையில். அதற்கு முன்னாலும் பாதி என் தலையில்தான்.

நான் ஜோதிலட்சுமி. அடையாற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். காலையில் இரண்டு ஆண்களுக்கும் டிபன் செய்து, மதியச் சாப்பாட்டைக் கட்டி வைத்துவிட்டு ஓடுவேன். என் கல்யாணம் என்னவாயிற்று என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்த வருஷங்களில் வந்த வரன்கள் வந்த வழியே போய்விட்டன. அதில் எனக்கு இப்போது பெரிய வருத்தம் இல்லை. கல்யாணமாகிப் போயிருந்தால் இன்னொரு வீட்டு அடுப்பு, அவ்வளவுதானே.

எனக்கு வேண்டியது வேறு. எங்கள் நிலையத்துக்குக் கோயம்புத்தூரில் புதுக் கிளை திறக்கிறார்கள். அதற்கு என்னைப் பொறுப்பாளராகப் போகச் சொன்னார்கள். மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் போனில் அங்கே அறைகூடப் பார்த்து வைத்துவிட்டேன். காந்திபுரம் பக்கம், பெண்கள் தங்கும் விடுதி. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு அலமாரி. அடுப்பு கிடையாது. அடுப்பு கிடையாது என்பதற்காகவே அந்த அறை எனக்குப் பிடித்திருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"போ, வேணான்னு யாரு சொன்னா? மொதல்ல இவனுக்கு ஒரு பொண்ணு வரட்டும். அப்பால நீ கோயமுத்தூரு போ, காசிக்குப் போ. இப்ப நீ பூட்டா இவனுக்கு யாரு சோறு ஆக்கறது? உங்கம்மா சாவும்போது உன்கிட்ட இன்னா சொல்லிச்சி?"

அம்மா சொன்னது, "தம்பிய பட்டினி போட்றாதடி" என்று. தம்பிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இன்றுவரை அப்பா அந்த வாக்கியத்தைப் பழைய பஸ் பாஸ் மாதிரி எங்கே வேண்டுமானாலும் நீட்டுவார்.

ஆக, என் கோயம்புத்தூர் இந்தக் கழுதையின் கல்யாணத்தில் வந்து நின்றது. அதனால்தான் அன்புக்கரசி வீட்டிலிருந்து போன் வந்தபோது அவனைவிட நான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.

அன்புக்கரசியின் அப்பா மதிவாணனுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறை. மகளும் அவரோடு பட்டறையைப் பார்த்துக்கொள்கிறாள். மதிவாணன் போனில் அப்பாவிடம் இழுத்து இழுத்துப் பேசினார்.

"சார், எம் பொண்ணு ஒண்ணு சொல்லுது. தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க பொண்ணு பாக்க வர வாணாமாம். நாங்க வர்றோமாம், மாப்ள பாக்க. பஜ்ஜி, கேசரி எல்லாம் தம்பியே போடட்டுன்னு சொல்லுது. சமையல்தான் பொழுதுபோக்குன்னு போட்டுக் கீறாரே, அத பாத்துட்டுதான் இதுக்கு இந்த ஜாதகமே புடிச்சிது. அது கிச்சன்ல கூட நின்னு பேசிக்கினு இருக்குமாம்."

அப்பா போனை வைத்துவிட்டுக் குதித்தார். "ஆம்பளப் புள்ள பஜ்ஜி போட்டுக் குடுத்து, பொம்பள வந்து பாத்துட்டுப் போவாளா? இன்னாமே இது, உலகம் தலகீழா பூட்ச்சா?"

குதித்தாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏனென்றால் அதுவரை வந்த இடங்களில் எதுவும் இரண்டாம் தடவை போன் செய்ததில்லை. அவருக்குத் தோன்றிய முதல் யோசனை, தி.நகரில் ஒரு கடையிலிருந்து கேசரியை வாங்கி வந்து வாணலியில் கொட்டிச் சூடு பண்ணிக்கொள்ளலாம் என்பது. "அவ கிச்சன்லயே நிப்பாளாம்பா" என்று நான் நினைவுபடுத்திய பிறகுதான் அடங்கினார்.

சித்தார்த்தன் மட்டும் கவலையே படவில்லை. "இன்னாக்கா, பஜ்ஜிதான? ரெண்டு வீடியோ பாத்தா வந்துரும்" என்றான்.

பார்த்தான். பேச்சிலர்களுக்கான பத்து நிமிஷ டிபன், சமையலே தெரியாதவர்களுக்கான சாயங்கால நொறுக்கு என்று ராத்திரியும் பகலும் பார்த்தான். பத்து நிமிஷ வீடியோவையும் ஓட்டிவிட்டுப் பார்க்கிற பொறுமைசாலி இவன். எனக்கு அந்த வீடியோக்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். எல்லாம் கண்ணாடிக் கிண்ணத்தில் நறுக்கி, அளந்து, வரிசையாக இருக்கும். சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் கொட்டுவார்கள். 'எவ்வளவு ஈஸி பாருங்க' என்பார்கள். அத்தனை கிண்ணத்தையும் யாரோ ஒருத்தி கழுவுவாள். அவள் வீடியோவில் வரமாட்டாள்.

அடுத்து சாமான்கள் வந்து இறங்கின. தொப்பி போட்ட சமையல்காரன் படம் போட்ட ஏப்ரன். கிராம் கணக்கில் நிறுக்கும் தராசு. எண்ணெய் எவ்வளவு சூடு என்று தூர நின்றே பார்க்க ஒரு துப்பாக்கி மாதிரி ஏதோ ஒன்று. அதை வாணலியின் மேல் குறி பார்த்து நின்றான், வாணலி தப்பி ஓடிவிடும் போல. லைட்டரை எந்தப் பக்கம் பிடித்து அழுத்துவது என்று மட்டும் என்னைக் கேட்டான்.

முதல் நாள் சுலபமானதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ரவா உப்புமாவைச் சொன்னேன். உலகத்தில் அதைவிடச் சுலபமான டிபன் கிடையாது. பள்ளிக்கூடம் போகிற குழந்தைகூடக் கிண்டும். ரவையை ஒரு தட்டில், தாளிக்கிறதை ஒரு தட்டில், உப்பைச் சின்னத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, "தண்ணி கொதிச்சதும் தேவையான உப்பப் போட்டு, ரவையத் தூவிக்கினே கிண்டு" என்றேன்.

"கொதிச்சிதுன்னு எப்பிடிக்கா தெரியும்?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். விளையாடுகிறானா என்று பார்த்தேன். இல்லை.

கடுகு வெடித்தபோது ஹாலுக்கு ஓடினான். திரும்பி வந்து தட்டிலிருந்த உப்பு மொத்தத்தையும் கொட்டினான். ரவையையும் ஒரே கொட்டாகக் கொட்டினான். பாத்திரத்துக்குள்ளே கொழுக்கட்டை மாதிரி உருண்டை உருண்டையாக வந்தது. நாக்கில் வைக்க முடியவில்லை. அவன் சொன்னான், "நம்ம ஸ்டவ்ல ஃப்ளேம் சரியில்லக்கா." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதே ஸ்டவ்வில்தான் இத்தனை வருஷமாக இவனுக்கு வடித்துக் கொட்டுகிறேன்.

இவனுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க முடியாது என்று அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் எனக்குக் கோயம்புத்தூர் போக வேண்டும். யோசித்தேன். எங்கள் லேபில் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ரத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் வேலை நடக்கும். எப்படி? குழாய்களைத் தட்டில் வரிசையாக அடுக்கி நம்பர் ஒட்டி வைத்துவிடுவோம். கலக்க வேண்டிய மருந்தையும் முன்கூட்டியே கலந்து வைத்துவிடுவோம். ஒன்றை எடு, இரண்டில் ஊற்று, மூன்றை எடு. தலையை உபயோகிக்க வேண்டிய அவசியமே இல்லை. தம்பிக்கு ஏற்ற முறை அதுதான் என்று தோன்றியது.

லேபிலிருந்து ஒரு ஸ்டிக்கர் சுருளைக் கொண்டுவந்தேன். எவர்சில்வர் கிண்ணங்களில் எல்லாவற்றையும் அளந்து வைத்து நம்பர் ஒட்டினேன். கேசரிக்கு ஒன்று நெய்யும் முந்திரியும், இரண்டு ரவை, மூன்று கலர் கரைத்த தண்ணீர், நான்கு சர்க்கரை. சர்க்கரைக் கிண்ணத்தை மட்டும் மூடி வைத்தேன், ரவை வேகுமுன் கொட்டித் தொலைக்கப் போகிறானே என்று. பஜ்ஜிக்குக் கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய்த் தூள், பெருங்காயம் எல்லாம் ஒரே கிண்ணத்தில். உப்பையும் அதிலேயே கலந்துவிட்டேன். உப்புமாவில் பட்டது போதும், உப்பை இனி இவன் கண்ணிலேயே காட்டக் கூடாது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

வேலை செய்தது. கழுதைக்கு நம்பர் தெரியும் அல்லவா. இரண்டு வாரம், சாயங்காலம் ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கேசரி கேசரியாகவே வந்தது. பஜ்ஜி உப்பிக்கொண்டு வந்தது. நானே ஒன்றை எடுத்துத் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் ஆரம்பித்தது கூத்து. "நீ தீய ரொம்ப வெக்கிறக்கா. அதான் உன் பஜ்ஜி எண்ண குடிக்குது" என்று எனக்கே பாடம் எடுத்தான். அப்பா கேசரியை வழித்து நக்கிவிட்டு, "எம் புள்ள கைமணமே தனி" என்றார். ஐந்து வருஷமாக என் சமையலைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்தது, "இன்னிக்கு காரம் கொஞ்சம் தூக்கலு" என்பது மட்டும்தான். எனக்கு வயிறு எரிந்தது. ஜன்னலும் கட்டிலும் உள்ள அந்த அறையை நினைத்துக்கொண்டு கிண்ணங்களைக் கழுவி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மதிவாணன், அன்புக்கரசி, அவளுடைய சித்தி பாஞ்சாலி, மூன்றே பேர். அன்புக்கரசி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வரவில்லை. சாதாரணக் காட்டன் சுடிதார். உள்ளே வந்ததும் அப்பாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்கதான் அக்காவா? எங்க வேல செய்யறீங்க?" என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கேட்பதில்லை.

அப்பா எனக்கு முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தார். கிச்சன் பக்கமே நான் போகக் கூடாது. ஹாலில், கிச்சன் வாசலுக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை விருந்தாளி மாதிரி உட்கார வைத்தார். என் வீட்டில் நான் உப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்திருந்தேன். விடியற்காலையிலேயே எழுந்து வாழைக்காய் சீவி, கிண்ணமெல்லாம் நிரப்பி, மேடையைத் துடைத்து வைத்தவள் நான்.

சித்தார்த்தன் ஏப்ரனை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தான். அன்புக்கரசி கிச்சனில் சுவரோரமாகச் சாய்ந்து நின்றாள். ஒன்றை எடுத்தான், இரண்டைக் கொட்டினான். முந்திரி பொன்னிறமாக வந்தது. ரவையை வறுத்தான். நடுவில் அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். துப்பாக்கியை எடுத்து எண்ணெய்யைச் சுட்டான்.

"வீட்ல தினமும் நீங்கதான் சமைப்பீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"தினமும்னு சொல்ல முடியாது. டைம் கெடைக்கும்போது. எனக்கு அது ஒரு ரிலாக்ஸ்."

அவள் காலிக் கிண்ணம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். "இந்த நம்பர் எல்லாம் யாரு ஒட்டினது?"

"நான்தான். எதையும் சிஸ்டமேட்டிக்கா பண்ணாத்தான் எனக்குப் பிடிக்கும்."

எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காவது தாங்கும். இவன் புளுகு அந்தக் கேசரி ஆறும்வரை தாங்கினால் போதும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். கோயம்புத்தூர், கோயம்புத்தூர் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

பஜ்ஜியும் கேசரியும் தட்டுகளில் ஹாலுக்கு வந்தன. மதிவாணன் இரண்டு வாய் தின்றுவிட்டு, "பரவால்லியே, தம்பிக்கு நல்லாவே வருது" என்றார். அப்பாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அடுத்த முகூர்த்தம் எப்போது என்று கண்ணாலேயே தேட ஆரம்பித்தார். எனக்கும்தான். திங்கட்கிழமை காலையில் போன் பண்ணி 'வருகிறேன்' என்று சொல்லப்போகிறேன் என்று உள்ளே ஒரு குரல் பாடிக்கொண்டிருந்தது.

பாஞ்சாலி மட்டும் தட்டைத் தொடவில்லை. "எனக்கு சக்கர கீதும்மா. கேசரி ஆவாது. எண்ணப் பலகாரமும் டாக்டரு வேணான்னு சொல்லிக்கிறாரு. எனக்கு தண்ணி குடுங்க, போதும்."

"அதெப்படி சித்தி?" என்றாள் அன்புக்கரசி. "மாத்திர போட்டுக்கினு வெறும் வயித்தோட கீறியே." பிறகு அவள் சித்தார்த்தனைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள். "ரவைதான் இருக்குமே. எங்க சித்திக்கு ஒரு கை உப்புமா கிண்டிக் குடுக்கறீங்களா? அஞ்சு நிமிஷ வேல."

வேண்டுமென்றே கேட்டாளா, சித்திக்காகக் கேட்டாளா என்று எனக்கு இன்றும் தெரியாது. எதுவானால் என்ன, நியாயமாகத்தான் கேட்டாள். சமையல் தெரிந்தவனிடம் ஒரு கரண்டி உப்புமா கேட்பது பாவமா?

"ஓ, பண்ணலாமே" என்று எழுந்து போனான். கிச்சன் மேடை முன்னால் நின்றான். கிண்ணங்கள் எல்லாம் காலி. உப்புமாவுக்கு என்று ஒரு நம்பர் இல்லை. அவள் பழையபடி சுவரோரம் வந்து நின்றுகொண்டாள்.

அப்பாவுக்கு நிலைமை புரிந்துவிட்டது. "ஜோதி, தம்பிக்கு கொஞ்சம் எடுத்துக் குடும்மா. அது தனியா கஷ்டப்படுது பாரு" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை இவ்வளவு இனிப்பாகக் கூப்பிட்டதில்லை.

என் கால் எழுந்துவிட்டது. நான் சொல்லி எழவில்லை. அது பழக்கம். ரவை டப்பா மேல் தட்டில் இடது கோடியில், கடுகு அஞ்சறைப்பெட்டியில், உப்பு அடுப்புக்குப் பக்கத்திலேயே ஜாடியில். நான்கு அடி நடந்து எடுத்துக் கொடுத்தால் கதை முடிந்தது. கல்யாணம் நடக்கும். நான் ரயில் ஏறுவேன்.

அப்போது அவன் கையைப் பார்த்தேன். சித்தார்த்தன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே ஒரு கையைப் பின்பக்கம் நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றான். கிண்ணம் தானாக வந்து அதில் உட்கார வேண்டும். துண்டுக்கும், டிபன் பாக்ஸுக்கும், காப்பிக்கும், துவைத்த சட்டைக்கும் அப்படித்தான் நீட்டுவான். அந்தக் கையில் ஒரு சந்தேகம் கிடையாது. யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டிய அவசியமும் கிடையாது. நாளை நான் போய்விட்டால் சுவரோரம் நிற்கிற இந்தப் பெண்ணுக்கு அந்தக் கை நீளும்.

நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"உன் கிச்சன்தானடா. நீயே எடு" என்றேன்.

அவன் திரும்பினான். முகத்தில் கோபம்கூட இல்லை, வெறும் ஆச்சரியம். பிறகு தேட ஆரம்பித்தான். முதல் கதவைத் திறந்தான், தட்டுகள். இரண்டாவதைத் திறந்தான், குக்கர். மூன்றாவதில் சாமி விளக்கு எண்ணெய்யும் பழைய துணியும். மேல் தட்டுக்குக் கையை நீட்டினான், அப்பளக் கட்டு கீழே விழுந்தது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மகனுக்கு உதவி செய்யக் கிளம்பினார். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் கிச்சனைத் திருட வந்தவர்கள் மாதிரி குடைந்தார்கள். திருடன்கூட இதைவிட வேகமாகக் கண்டுபிடித்திருப்பான்.

"தோ கீது பாரு!" என்று அப்பா ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டினார். "ரவை!"

பாஞ்சாலி ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ, அது கோலமாவுங்க."

யாரும் சிரிக்கவில்லை. மதிவாணன் சீலிங் ஃபேனைப் பார்த்தார். அன்புக்கரசி மெதுவாகக் கேட்டாள்.

"இந்த வீட்ல எத்தினி வருஷமா கீறீங்க?"

அப்பாவுக்குக் கேள்வி புரியவில்லை. சொத்தைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார். பெருமையாகச் சொன்னார், "சொந்த வூடும்மா! இவன் பொறந்ததே இந்த வூட்டுலதான்."

அவள் தலையை ஆட்டினாள். கையை நீட்டி அடுப்புக்குப் பக்கத்திலிருந்த ஜாடியைத் திறந்து பார்த்தாள். உப்பு. மூடி வைத்தாள். "எங்க வீட்லயும் இங்கதான் வெப்போம்" என்று அவனிடம் சொன்னாள். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு ஹாலுக்கு வந்து, "சித்தி, வா. வழியில இட்லி எதுனா சாப்டுக்கலாம்" என்றாள்.

கிளம்பினார்கள். மதிவாணன், "வீட்ல கலந்துக்கினு போன் பண்றோம் சார்" என்று அப்பாவிடம் சொன்னார். அவர்கள் வீடு மொத்தமும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது, கலந்துகொள்ள இன்னும் யார் பாக்கி என்று அப்பா கேட்கவில்லை. அன்புக்கரசி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, கேசரி ரொம்ப நல்லா இருந்துது."

அதை என்னிடம்தான் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

அவர்கள் ஆட்டோ தெரு முனை திரும்பும் முன்பே அப்பா ஆரம்பித்துவிட்டார். "வெண்ண தெரண்டு வரும்போது தாழிய ஒட்ச்சிட்டியே, பாவி! எழுந்து போய் ஒரு டப்பாவ எட்த்துக் குட்த்தா உன் கை தேய்ஞ்சா பூடும்? தம்பி வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்ட!"

மண் இல்லை, கோலமாவு என்று சொல்லியிருக்கலாம்.

"ஏங்க்கா அப்பிடி பண்ண?" என்று சித்தார்த்தன் கேட்டான். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. தொப்பி போட்ட சமையல்காரன் அவன் நெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தான். "நல்லாதான போய்க்கினு இருந்துது."

"ஏன்டா, ரவை எங்க கீதுன்னு உனக்கு ஏன்டா தெரியல?"

"நீதான எப்பவும் எடுத்து வெப்ப?"

பதில் சரிதான். அதற்கு மேல் அவனிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் எங்கள் மேனேஜருக்குப் போன் போட்டு, கோயம்புத்தூருக்கு வருகிறேன் என்று அவர்கள் இரண்டு பேர் எதிரிலேயே சொன்னேன்.

அப்பா கடைசி ஆயுதத்தை எடுத்தார். "உங்கம்மா சாவும்போது இன்னா சொல்லிச்சி?"

"பட்டினி போடலப்பா. வீடு பூரா மளிக சாமான் கீது. உங்க புள்ளைக்கு சமையல்தான் பொழுதுபோக்கு. ஜாலியா சாப்டுங்க."

கிளம்புகிற அன்று காலையில் டப்பாக்கள்மேல் பெயர் எழுதி ஒட்டிவிட்டுப் போகலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஸ்டிக்கர் சுருள் கையில்தான் இருந்தது. ரவை, கடுகு, உளுத்தம்பருப்பு. கழுதைக்குப் படிக்கத் தெரியும். பிறகு சுருளைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அது லேப் சொத்து.

சென்ட்ரலில் ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அரக்கோணம் தாண்டியதும் போன் அடித்தது. சித்தார்த்தன்.

"அக்கா, ரவை எங்கக்கா கீது?"

"தேடு."

"எங்கன்னு தேடறது?"

"நீ பொறந்த வூட்லதான்டா. தேடு" என்றேன். பின்னால் பாத்திரம் உருளும் சத்தமும், "அந்த டப்பாவ தொடாதடா, கோலமாவு!" என்று அப்பா கத்துவதும் கேட்டது. போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

இட்லி விற்றுக்கொண்டு ஒருவர் வந்தார். வாங்கினேன். இட்லி கல் மாதிரி இருந்தது. சட்னியில் உப்பே இல்லை. ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் தின்றேன். நடுவில் யாரும் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை.